ஃபைபர் நெட் போடுகிறீர்களா? கம்பெனியை மட்டும் பார்க்காதீர்கள், கம்பத்தையும் பாருங்கள்!

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்தில் போய் இறங்குங்கள். வழி நெடுக கம்பத்தைப் பாருங்கள். எங்கே பார்த்தாலும் கறுப்பு வயர். கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. பாதிக்கு மேல் இண்டர்நெட் வயர்.

"100 எம்.பி. வேகம்!" "200 எம்.பி. வேகம்!" "முதல் மாதம் ஃப்ரீ!" என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். எதை எடுப்பது? எதை விடுவது? பழைய டெலிபோன் வயரில் நெட் வைத்திருந்தவர்கள், ஃபைபருக்கு மாறலாமா என்று யோசிக்கிறார்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் குழப்பம்.

மாறலாம். தாராளமாக மாறலாம். ஆனால் வேகத்தைப் பார்த்து மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். நம்ம ஊர் கடற்கரை ஊர். புயல் வரும் ஊர். இங்கே கேட்கவேண்டிய கேள்வி இரண்டு.

கரண்டு போனால் லைன் இருக்குமா?

வயர் அறுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் யார்?

இந்த இரண்டுக்கும் பதில் எந்த நோட்டீசிலும் இல்லை. அதனால்தான் இந்த விவரம்.

செம்பு போச்சு, கண்ணாடி வந்தது

இந்தியாவில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி. அப்போது எல்லாம் டெலிபோன் வயர்தான். அது செம்புக் கம்பி. எக்சேஞ்சில் இருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் குறையும். மழை பெய்தால் கொரகொர என்று சத்தம் வரும். கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு, இணைப்பில் களிம்பு ஏறும்.

திருடனுக்கும் செம்பு என்றால் ஆசை. கேபிளைத் தோண்டி எடுத்து, மேல் உறையை எரித்து, எடைக்குப் போட்ட வழக்குகள் போலீசாருக்குப் புதிது அல்ல.

ஃபைபர் வேறு. அது கண்ணாடி இழை. தலைமுடி பருமன்தான் இருக்கும். அதில் ஓடுவது மின்சாரம் அல்ல, வெளிச்சம். கண்ணாடி துருப்பிடிக்காது. எடைக்குப் போட்டால் காசும் தேறாது. ஒரு இழையில் வரும் வெளிச்சத்தை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துக் கொடுக்கலாம். 20 கிலோமீட்டர் வரை போகும். செங்கல்பட்டில் இருந்து சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டிப் போகிற தூரம் அது. நடுவழியில் எங்கேயும் கரண்டு வேண்டாம்.

இவ்வளவு நல்ல பொருளுக்கு ஒரு குறை இருக்கிறது. அதுதான் விஷயம்.

கரண்டு போனால்?

2022 டிசம்பர் 9-ந் தேதி இரவு. மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. புயல் அடிக்கும்போது கரண்டை நிறுத்தி வைப்பது வழக்கம். அறுந்து கிடக்கும் வயரை யாரும் மிதித்துவிடக் கூடாதே! அதைக் குறை சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட இரவில் பழைய டெலிபோன் என்ன செய்யும்? வயர் அறுபடாமல் இருந்தால் பேசும். அதற்கு வேண்டிய 48 வோல்ட் கரண்டு எக்சேஞ்சில் இருந்தே அந்தச் செம்புக் கம்பியில் வந்துவிடும். எக்சேஞ்சில் பெரிய பெரிய பேட்டரி வைத்திருப்பார்கள். வீடு இருட்டாகக் கிடந்தாலும் போன் மணி அடிக்கும்.

ஃபைபர் போன் அப்படி அல்ல. கண்ணாடியில் கரண்டு வராது. சுவரில் மாட்டிய சின்னப் பெட்டி இருக்கிறதே, அது உங்கள் வீட்டுக் கரண்டில் ஓடுகிறது. கரண்டு போனால் பெட்டி அணையும். பெட்டி அணைந்தால் நெட் இல்லை. அதோடு சேர்த்துக் கொடுத்த லேண்ட்லைன் போனும் இல்லை.

"செல்போன் இருக்கே?" என்பீர்கள். டவருக்கும் பேட்டரிதான், டீசல்தான். 2016-ல் வர்தா, 2018-ல் கஜா. இரண்டு புயலிலும் டவர்கள் படுத்துப்போய், செல்போன் பேச முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு எத்தனையோ இருக்கிறது. நெஞ்சுவலி வந்தால் 108-க்குப் போன் போடவேண்டும். அந்த நேரத்தில் பெட்டி செத்துக் கிடந்தால்?

இதற்கு வழி இருக்கிறது. அந்தப் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது. அதிகம் கரண்டு இழுக்காது. கடையில் 'ரூட்டர் மினி யு.பி.எஸ்.' என்று கேட்டால் கொடுப்பார்கள். சில மணி நேரம் தாங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியின் பிளக்கை அந்த லைனில் போட்டுவிடுங்கள்.

அது மட்டும் போதாது. மறுமுனையிலும் ஒரு பெட்டி இருக்கிறது. கம்பெனி ஆபீசிலோ, ஏஜெண்ட் வீட்டு மாடியிலோ இருக்கும். அங்கே பேட்டரி தீர்ந்தால் இங்கே நீங்கள் யு.பி.எஸ். வைத்தும் பிரயோஜனம் இல்லை. கனெக்ஷன் கொடுக்க வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "அண்ணே, கரண்டு போனா உங்க ஆபீஸ்ல எத்தனை மணி நேரம் தாங்கும்?" பதில் சொல்லாமல் மழுப்பினால் யோசியுங்கள்.

பில்லில் ஒரு பெயர், ஏணியில் ஒரு ஆள்

பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. பில்லில் அந்தப் பெயர்தான் வரும். ஆனால் வயர் இழுக்க வருகிறவர் யார்? பல இடங்களில் உள்ளூர் ஏஜெண்ட். பி.எஸ்.என்.எல். நிறுவனமே ஊர் ஊராக கேபிள் டி.வி.காரர்களைக் கூட்டுச் சேர்த்துத்தான் ஃபைபர் கொடுக்கிறது.

இதில் தப்பு இல்லை. தெரு தெரிந்த ஆள் சீக்கிரம் வருவார். ஆனால் சண்டை வந்தால்தான் சிக்கல்.

"லைன் கட் ஆயிடுச்சு, எப்ப வருவீங்க?"

"கம்பெனியில கம்ப்ளெயிண்ட் போடுங்க சார்."

கம்பெனிக்குப் போன் போட்டால், "உங்கள் பகுதி ஏஜெண்டைப் பாருங்கள்."

இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள்!

ஆகவே, விளம்பரத்தை நம்பாதீர்கள். தெருவில் நாலு வீட்டில் விசாரியுங்கள். எந்த நெட்? கடைசியாக எப்போது அறுந்தது? எத்தனை நாளில் சரி செய்தார்கள்? அடுத்த தெருவில் நன்றாக ஓடும் கம்பெனி உங்கள் தெருவில் மோசமாக இருக்கலாம். ஆள் வேறு, கம்பம் வேறு.

அறுந்த கண்ணாடியை முறுக்கிச் சேர்க்க முடியாது. உருக்கி ஒட்டுவதற்குத் தனி மெஷின் வேண்டும். "ஒட்டுற மெஷின் உங்ககிட்ட இருக்கா, வேற ஊர்ல இருந்து வரணுமா?" என்றும் கேட்டுவிடுங்கள்.

ஒரே கம்பத்தில் இரண்டு கம்பெனி

மாமல்லபுரத்தில் லாட்ஜ், ரிசார்ட், ஓட்டல் ஏராளம். சிற்பக்கூடம் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு ஆர்டருக்கு வீடியோ காலில்தான் சிலையைக் காட்டுகிறார்கள். நெட் போனால் வியாபாரம் போச்சு. அதனால் இரண்டு கம்பெனி கனெக்ஷன் வாங்கி வைப்பவர்கள் உண்டு.

நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு வயரும் ஒரே கம்பத்தில் வந்தால்? ஒரு லாரி இடித்தால் இரண்டும் அவுட். இரண்டு பில் கட்டியும் லாபம் இல்லை. வாசலில் நின்று நிமிர்ந்து பாருங்கள். இரண்டு வயரும் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

வேறு வழியும் இருக்கிறது. 'ஏர் ஃபைபர்' என்கிறார்கள். 2023-ல் ஏர்டெல்லும் ஜியோவும் கொண்டு வந்தார்கள். பெயரில்தான் ஃபைபர். வீட்டுக்கு வயர் கிடையாது. மாடியில் ஒரு பெட்டி மாட்டி, 5-ஜி டவரில் இருந்து சிக்னல் எடுப்பது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடினால் எல்லார் செல்போனும் அதே டவரைத்தான் இழுக்கும். வேகம் குறையலாம். ஆனால் கம்பம் சாய்ந்த நாளில் கை கொடுக்கும். கடைக்கு ஒரு ஃபைபர், அவசரத்துக்கு ஒரு ஏர் ஃபைபர் என்று வைப்பது புத்திசாலித்தனம்.

ரோடு தோண்டுவதும் பெரிய எதிரி. ஜே.சி.பி. ஒரு வாரு வாரினால் ஊரே நெட் இல்லாமல் உட்காரவேண்டியதுதான். தோண்டுவதற்கு முன்னால் கேபிள்காரர்களுக்குத் தகவல் கொடுக்க, 2023 மார்ச் 22-ந் தேதி மத்திய அரசு ஒரு ஆப் தொடங்கியது. 'கால் பிஃபோர் யூ டிக்' என்று பெயர். காண்டிராக்டர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தோண்டினால் பாதித் தொல்லை தீரும்.

எம்.பி. கணக்கு

100 எம்.பி. என்றால் நொடிக்கு 100 மெகாபிட். பிட் வேறு, பைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட்டில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். சண்டைக்குப் போகாதீர்கள், அதுதான் கணக்கு.

எச்.டி. படம் பார்க்க 5 மெகாபிட் போதும். நாலு பேர் குடும்பத்துக்கு 30, 40 மெகாபிட் தாராளம். 200 வாங்கிவிட்டு, பெட்டியை மூலையில் பீரோ பின்னால் வைத்தால் அடுத்த அறைக்கு வைஃபை போகாது. பெட்டி நடு வீட்டில், உயரத்தில் இருக்கவேண்டும். கண்ணாடி வயரை ஜன்னல் இடுக்கில் நசுக்கக்கூடாது; மடக்கி ஆணி அடிக்கக்கூடாது. மடங்கிய இடத்தில் வெளிச்சம் செத்துவிடும். பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். ஆளைக் கூப்பிடுங்கள்.

விலையிலும் கவனம் வேண்டும். ரூ.499 என்று போட்டிருந்தால் கையில் இருந்து போவது ரூ.499 அல்ல. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.588.82. ஆறு மாதம் முன்பணம் கேட்டால் ரூ.3,532.92. பாதியில் விலகினால் மீதி கிடைக்குமா? பெட்டி யாருக்குச் சொந்தம்? எழுத்தில் வாங்குங்கள். எடுத்த எடுப்பில் ஒரு வருடம் கட்டாதீர்கள். ஒரு மாதம் பாருங்கள்.

கடை போர்டில் உள்ள நம்பர்

கடை போர்டில், பில் புக்கில், பையில் எல்லாம் 044 நம்பர் அச்சடித்திருப்பீர்கள். இருபது வருட வாடிக்கைக்காரர்களுக்கு அந்த நம்பர்தான் தெரியும்.

பி.எஸ்.என்.எல். செம்பு லைனில் இருந்து பி.எஸ்.என்.எல். ஃபைபருக்கு மாறினால் அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம். வேறு கம்பெனிக்குப் போனால் நம்பர் போய்விடும். செல்போன் நம்பரைக் கம்பெனி மாற்றி எடுத்துப் போகலாம். லேண்ட்லைனுக்கு அந்த வசதி நாட்டில் இல்லை. அவசரப்பட்டு சரண்டர் செய்துவிட்டு அப்புறம் வருத்தப்படாதீர்கள்.

குப்பத்துக்கு எப்போது?

சென்னைக் கடற்கரையில் வெளிநாட்டுக் கடல் கேபிள்கள் கரை ஏறுகின்றன. அங்கிருந்து அந்தமானுக்குக் கடலுக்கு அடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்டு 10-ந் தேதி திறந்தார்கள். கடல் தாண்டிப் போகிறது கண்ணாடி இழை. ஆனால் கம்பத்தில் இருந்து மீனவர் குப்பத்து வீட்டுக்கு வரும் கடைசி 50 மீட்டரில்தான் தகராறு. வீடு கம்மி, வருமானம் கம்மி என்றால் தனியார் வயர் இழுக்க யோசிப்பார்கள்.

இதற்காகத்தான் பாரத்நெட் திட்டம். 2011-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டு போவது திட்டம். அந்த வேலைக்காக டான்ஃபிநெட் என்று மாநில அரசு தனி நிறுவனம் வைத்திருக்கிறது. ஊராட்சி ஆபீஸ் வரை இழை வந்தால் போதாது. வீட்டுக்கு யார் கொடுப்பார்கள், அறுந்தால் யார் ஒட்டுவார்கள் என்று கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்கிற ஊருக்குத்தான் கிடைக்கும்.

ஏமாற்றுக்காரர்கள் உஷார்

"உங்க லைனை ஃபைபருக்கு மாத்தறோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஃபைபர் போட ஓ.டி.பி. கேட்டால் நேரில் வரட்டும், அடையாள அட்டை காட்டட்டும். பணம் போய்விட்டால் உடனே 1930.

லாட்ஜ்காரர்கள், டீக்கடைக்காரர்கள் வைஃபை பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி வைக்கிறார்கள். அதில் யாராவது தப்பு வேலை செய்தால் போலீஸ் முதலில் வருவது கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான். பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுங்கள்.

எங்கே புகார்?

வாயால் சொன்ன புகார் புகார் அல்ல. கம்பெனியில் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915. டெலிபோன் கம்பெனி மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 பிப்ரவரியில் தீர்ப்பு சொல்லிவிட்டது. பில்லையும் புகார் எண்ணையும் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஐப்பசி மழைக்கு முன்னால், ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். பெட்டி எரிகிறதா? போன் பேசுகிறதா? எத்தனை மணி நேரம்? கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். புயல் இரவில் உங்களுக்கு எவ்வளவு நேரம் போன் இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.