விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை



பரீட்சை முடிந்த கையோடு டெல்லி நேரு பிளேஸில் கூட்டம் கூடிவிடுகிறது. துணிக்கடைகளுக்கும் மொபைல் கடைகளுக்கும் நடுவே மாடி ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகமாக விலை பேசி வாங்கிவந்து, வீட்டுக் கூடத்தில் பரப்பிவைத்துத் தாங்களே கம்ப்யூட்டர் கட்டுகிற பிள்ளைகள் நம் வாசகர் வீடுகளிலும் பெருகிவிட்டார்கள். அடுத்த வாரமே எங்களுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கும். புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: விசிறி சுற்றுகிறது, கலர் விளக்கெல்லாம் எரிகிறது, படம் மட்டும் வரவில்லை. மயூர் விஹார் வாசகி ஒருவர், "மதர்போர்டு போய்விட்டது என்று கடைக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார். புதுசு வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டிருந்தார். பார்க்காமலே நோய் சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்தான்.

அவர் அனுப்பியிருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மானிட்டர் கேபிள் மேலே, யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில், மதர்போர்டிலேயே செருகியிருந்தது. கீழே புத்தம்புது கிராஃபிக்ஸ் கார்டின் துளைகளில் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள் கழற்றப்படாமல் அப்படியே இருந்தன. அவர் வாங்கியது பெயருக்குப் பின்னால் ‘எஃப்’ போட்ட இன்டெல் ப்ராசசர். அந்த ரகத்தில் படம் காட்டும் பகுதியே கிடையாது. மதர்போர்டுத் துளையில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். கேபிளைக் கீழே மாற்றச் சொன்னோம். அன்று மாலையே "வந்துடுச்சு சார்!" என்று பதில் வந்தது.

குறை காட்டும் கருவியையும் கொஞ்சம் சந்தேகப்படத்தான் வேண்டும். 2024 மே 29 அன்று நம் டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி வெயில் என்று செய்தி வந்து நாடே பதறியது. பிறகு வானிலைத் துறை சோதித்துப் பார்த்து, அங்கிருந்த உணர்கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டிவிட்டது என்றது. மானிட்டரும் கேபிளும் இப்படி ஏமாற்றக்கூடியவை. முதல் வேலையாக வீட்டு டிவியில் செருகிப் பார்த்துவிடுங்கள்.

சரி, பட்டனை அழுத்தியதும் உள்ளே என்னதான் நடக்கிறது? பட்டன் மதர்போர்டுக்குச் சைகை காட்டுகிறது. மதர்போர்டு, கரன்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புகிறது. 12, 5, 3.3 என்று மூன்று வோல்டேஜும் நிலைப்பட்டதும், அரை விநாடிக்குள், ‘கரன்ட் சரியாக இருக்கிறது’ என்று எஸ்எம்பிஎஸ் அதற்கென்று உள்ள தனிக் கம்பியில் தகவல் அனுப்பும். அது வந்த பிறகுதான் ப்ராசசர் கண் திறக்கும். பயாஸ் சிப்பிலிருந்து முதல் கட்டளையைப் படித்து, ரேமைச் சோதித்து, கிராஃபிக்ஸைத் தேடி, கடைசியாக டிஸ்க்குக்குப் போகும். விசிறி சுற்றுவது முதல் படிக்கு மட்டுமே அத்தாட்சி. அதைப் பார்த்து ‘எல்லாம் சரி’ என்றும் சொல்ல முடியாது, ‘மதர்போர்டு போச்சு’ என்றும் சொல்ல முடியாது.

இந்தச் சுயபரிசோதனை 1981-ல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்தே உண்டு. எங்கே நின்றதோ அதை பீப் ஒலியில் சொல்லும். எஸ். சங்கரும் பாட் சர்மாவும் 1985-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தின் பயாஸ், உலகெங்கும் எத்தனையோ மதர்போர்டுகளில் இருக்கிறது. சென்னையிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. உங்கள் மேசைக்குக் கீழே மௌனமாக உட்கார்ந்திருப்பதிலும் அவர்கள் எழுதியது இருக்கலாம்.

இப்போது வரும் போர்டுகள் பலவற்றில் பீப்புக்குப் பதில் ஓரமாக நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எந்த விளக்கு அணையாமல் நின்றுவிட்டதோ, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். சிபியு விளக்கு என்றால், மதர்போர்டின் மேல் மூலையில் ப்ராசசருக்கென்றே இருக்கும் 8 பின் கேபிளைப் பாருங்கள். பெரிய 24 பின் கேபிளைச் செருகிய திருப்தியில் இதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அது சரியென்றால் பயாஸ் பழையதாக இருக்கலாம். கடை அலமாரியில் வெகுநாள் கிடந்த போர்டுக்குப் புது ப்ராசசரை அடையாளம் தெரியாது. 2018-ல் இந்தச் சிக்கலில் மாட்டிய வாடிக்கையாளர்களுக்கு, பயாஸைப் புதுப்பித்துக்கொள்ள ஏஎம்டி நிறுவனமே ஒரு ப்ராசசரை இரவல் கொடுத்தது. இப்போது பல போர்டுகளில் பென் டிரைவ் மட்டும் வைத்தே அந்த வேலையை முடித்துவிடலாம்.

டிராம் விளக்கு எரிந்தால் உடனே ரேமைப் பிடுங்காதீர்கள். டிடிஆர்5 ரேம் முதல் தடவை தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதற்குள் பொறுமையிழந்து கரன்டை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தும் அப்படியே இருந்தால் கழற்றி, ‘டக்’ என்று சத்தம் வரும்படி அழுத்திப் பொருத்துங்கள். ஒரே ரேம் என்றால் பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட். போர்டின் கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்கள், ‘ரேம் போச்சு’ என்று யார் சொன்னாலும் இன்னொரு மெஷினில் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார்கள்.

எதுவும் பிடிபடவில்லையா? எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் இவ்வளவு மட்டும். ‘எஃப்’ ரகமென்றால் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும். வெளியே ஓடுகிறது, கேபினெட்டுக்குள் ஓடவில்லை என்றால், உள்ளே வேண்டாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆக்கிக்கொண்டிருக்கும். இதற்காகப் புது மதர்போர்டு வாங்கியவர்கள் உண்டு.

டெல்லிக்கென்றே சில தொல்லைகளும் இருக்கின்றன. மே மாதப் புழுதிக்காற்றுக்குப் பிறகு ஒருமுறை கேபினெட்டைத் திறந்து தூசி தட்டுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டரோடு போய் ரேமைத் தொடாதீர்கள். அந்தக் குளிரில் விரல் நுனியில் பொறி பறக்கும். முதலில் கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

கடைக்குத்தான் போக வேண்டுமென்றால் பில்லோடு, மதர்போர்டு சாக்கெட்டை மூடிவந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியையும் எடுத்துச் செல்லுங்கள். அது இல்லாவிட்டால் வாரன்டிக்குத் தகராறு செய்கிறவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், நேரு பிளேஸுக்கு விடுமுறை.

எங்களுக்கு எழுதுகிறவர்கள் பாகங்களின் பட்டியல், எந்த விளக்கு எரிகிறது, கடைசியாக எதைக் கழற்றி மாட்டினீர்கள் என்ற மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். போட்டோ அனுப்பினால் கேபினெட்டின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்