புலிமேல் ஏறியவர்

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவிற்கு எழுதிய கடிதத்தை அண்மையில் மீண்டும் வாசித்தேன். இல்லாத 5,040 கோடி ரூபாயை இருப்பதாகக் காட்டியதை ஒப்புக்கொள்ளும் கடிதம் அது. தொடக்கத்தில் சிறிதாயிருந்த இடைவெளி ஆண்டுதோறும் வளர்ந்ததாம். புலிமேல் ஏறியவன் இறங்கும் வழியறியாத நிலை என்கிறார். நாம் புலிவாலைப் பிடித்த கதை என்போம்.

பேராசை என்ற ஒரு சொல்லால் இதைக் கடந்துவிடலாகாது. செயல்பாடு சரிந்தால் நிறுவனம் கைமாறிவிடும் என்ற அச்சமும் அக்கடிதத்தில் இருக்கிறது. 'இந்தக் காலாண்டில் இலாபம் குறைந்தது' என்று சொல்ல நா எழாமையே முதற்பிழை எனக் கருதுகிறேன். தோல்வியறியாதவர் என்ற புகழ் அணியாகத் தொடங்கி விலங்காக முடிந்தது.

சுற்றியிருந்தோர் என் செய்தனர்? 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தாரின் இரு மேடாஸ் நிறுவனங்களை வாங்கும் திட்டத்திற்குக் கற்றறிந்த இயக்குநர்கள் ஒப்புதல் அளித்தனர். முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்த பின்னரே அது கைவிடப்பட்டது.

பெரியாரைத் துணைக்கோடல் என்றோர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். துணை என அவர் கருதியது இடித்துரைப்போரை. மேலாண்மை வகுப்புகளில் தன்னம்பிக்கையைப் பயிற்றுவிக்கிறார்கள். 'தவறிவிட்டேன்' என்று உரிய காலத்தில் சொல்லும் துணிவை யார் பயிற்றுவிப்பது?