பச்சை நிறத்தில் ஓர் எச்சரிக்கை

மும்பையிலிருந்து புனே செல்லும் பழைய நெடுஞ்சாலையில் கண்டாலா மலை ஏற்றம் ஒரு காலத்தில் கார்களுக்குப் பரீட்சைக் கூடம். கோடைக் காலத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆவி பறக்கச் சாலை ஓரத்தில் நிற்கும் பிரீமியர் பத்மினிகளும் அம்பாசடர்களும் அங்கே அன்றாடக் காட்சி. டிக்கியில் தண்ணீர் கேன் இல்லாமல் விவரம் தெரிந்தவர்கள் மலை ஏறமாட்டார்கள். பிறகு 2002-ல் எக்ஸ்பிரஸ் சாலை வந்தது. 2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. டிக்கியிலிருந்து தண்ணீர் கேனும் மறைந்தது. கூடவே, காலையில் வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து பார்க்கும் வழக்கமும் போய்விட்டது.

ஆனால் கசிவு போகவில்லை. அதற்கான விலைதான் ஏறியிருக்கிறது. அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு. கொதித்தால் ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அளவு மீறிச் சூடானால் அது வளைந்துவிடும். வளைந்தால் ஹெட் கேஸ்கட் போகும். நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய ஹோஸ் கிளிப் சமாசாரம், பல ஆயிரம் ரூபாய் இன்ஜின் வேலையாக மாறுவது இப்படித்தான்.

குக்கர் தத்துவம்

எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் திரவம் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வந்து காற்றில் விடவேண்டும். இந்தத் திரவம்தான் கூலன்ட். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் கலந்தது. துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் சேர்ந்தது. பாதிக்குப் பாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. லே நகரவாசிக்கு அது முக்கியம். சென்னைவாசிக்கு அதைவிட முக்கியமானவை கொதிநிலை உயர்வும் துருத் தடுப்பும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. சமையலறைக் குக்கரின் வெயிட் செய்யும் வேலையை அது செய்கிறது. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீரை 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் வைத்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும் என்பதை நினைத்தால், இந்த அழுத்தத்தின் அருமை புரியும். கசிவு ஏற்படும்போது இழப்பது தண்ணீரை மட்டுமல்ல, அழுத்தத்தையும்தான். கேஸ்கட் போன குக்கரில் பருப்பு வேகாது. அழுத்தம் போன காரில் கூலன்ட் பொங்கிவிடும்.

சொட்டுவது எது?

காருக்கு அடியில் ஈரத்தைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. ஏ.சி. ஓடிய காரிலிருந்து தண்ணீர் சொட்டுவது இயல்பு. அது நிறமற்றது, வாசனையற்றது, காய்ந்தால் சுவடே இருக்காது. கூலன்டுக்கு நிறம் உண்டு. பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி மாறும். விரலில் தொட்டால் லேசாக வழுக்கும். இனிப்பான வாசனை வரும். இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கருப்பாகவோ பிசுபிசுக்கும்.

சந்தேகம் இருந்தால் இரவில் காருக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். சொட்டு எங்கே விழுகிறது, என்ன நிறம் என்பது காலையில் தெரிந்துவிடும். கூடவே, கூலன்ட் டப்பாவில் திரவம் நிற்கும் மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பார்ப்பது எப்போதும் இன்ஜின் ஆறியிருக்கும் காலை வேளையில். மட்டம் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இருக்கவேண்டும். பல மாதங்களில் கொஞ்சம் குறைவது சகஜம். வாரா வாரம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

எங்கே என்று தேடுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. சுலபமானதில் தொடங்க வேண்டும். முதலில் ரேடியேட்டரின் மேல் ஹோசும் கீழ் ஹோசும். இன்ஜின் ஆறிய பிறகு அழுத்திப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்த பொருக்கு ஆகியவை கசிவின் கையெழுத்து. எலி கடித்த தடத்தையும் பாருங்கள். நம் ஊர் பார்க்கிங்குகளில் அது அபூர்வமல்ல. அடுத்து ரேடியேட்டர். இப்போதைய ரேடியேட்டர்கள் பலவற்றில் நடுப்பகுதி அலுமினியம், இரு ஓரத் தொட்டிகள் பிளாஸ்டிக். இரண்டும் சேரும் விளிம்பில்தான் பெரும்பாலும் விரிசல் விடும். மூன்றாவது வாட்டர் பம்ப். அதன் அடிப்பக்கத்தில் வேண்டுமென்றே விடப்பட்ட ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்துவிட்டதை அந்தத் துளை சொட்டி அறிவிக்கும். அதை அடைக்கக் கூடாது. பம்பை மாற்ற வேண்டும். நான்காவது மூடி. அதன் ரப்பர் வளையம் தடித்தோ வெடித்தோ இருந்தால் மூடியை மாற்றிவிடுவதே மலிவு.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் காருக்குள் இனிப்பு வாசனை வருகிறது, கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போல மூட்டம் படிகிறது, முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் மிதியடி ஈரமாகிறது என்றால், கசிவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர். ஹீட்டரையே தொடாத தென்னிந்தியர்களின் கார்களிலும் அது இருக்கிறது.

மறைந்திருக்கும் கசிவு

உள்ளும் இல்லை, வெளியும் இல்லை, இருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். ஹெட் கேஸ்கட் விட்டுப்போய்க் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி எரிந்துகொண்டிருக்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வருவது, காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகுவது, கூலன்டில் விடாமல் குமிழ் வருவது ஆகியவை அடையாளங்கள். ஆயில் அளக்கும் கம்பியில் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்படலம் இருந்தால் அதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. குளிர் காலத்தில் குறுகிய தூரமே ஓடும் கார்களில் ஈரம் அப்படிப் படிவதுண்டு.

பட்டறையில் கேட்டு வாங்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பிரஷர் டெஸ்ட். மூடி இருக்கும் இடத்தில் சிறிய கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறிப்பிட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருப்பார்கள். முள் இறங்காவிட்டால் வெளிக்கசிவு அநேகமாக இல்லை. இறங்கினால், இன்ஜின் ஆறிய நிலையிலேயே கசியும் இடம் கண்ணுக்குத் தெரியும். ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் என்றால் இன்னொரு சோதனை: புகை கலந்த காற்று கூலன்டிலிருந்து வந்தால் ஒரு நீலத் திரவம் மஞ்சளாக மாறும். இரண்டுமே அதிக நேரம் பிடிக்காதவை. இவற்றைச் செய்யாமல் "பம்ப் போயிருக்கும் சார், ரேடியேட்டரையும் சேர்த்து மாத்திடலாம்" என்று ஆரம்பிக்கும் இடத்தில் பர்ஸைத் திறக்காமல் இருப்பது நல்லது.

வழியில் முள் ஏறினால்

டிராபிக்கில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகிக்கலாம். மேட்டிலும் வேகத்திலும் ஏறினால் கூலன்ட் குறைவோ ரேடியேட்டர் அடைப்போ காரணமாக இருக்கலாம். எதுவானாலும் முள் வழக்கமான இடத்தைத் தாண்டியதும் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மே மாதத்தில் இது தண்டனைதான். ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே இழுத்து, பத்திரமான ஓர் இடத்தில் ஒதுங்க அவகாசம் தரும். சிவப்பைத் தொட்டாலோ ஆவி கிளம்பினாலோ அந்த அவகாசமும் இல்லை. ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கூலன்ட் அடியோடு வடிந்துவிட்டால் முள் சில சமயம் கீழே இறங்கும். சூட்டை அளக்கும் சென்சார் திரவத்துக்குப் பதில் வெறும் காற்றில் தொங்குவதால் வரும் மாயம் அது. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று இறங்கியதைப் பார்த்து, ஆறிவிட்டது என்று மகிழ்ந்து ஓட்டுபவர் இன்ஜினைக் கொன்றுகொண்டிருக்கிறார்.

நிறுத்தியதும் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த திரவம் அந்தக் கணமே கொதித்து முகத்திலும் கையிலும் பீச்சும். குறைந்தது அரை மணி நேரம் பொறுத்திருந்து, மேல் ஹோஸ் கையில் பிடிக்கிற சூட்டுக்கு வந்த பிறகு, தடித்த துணியைப் போட்டு முதல் திருகலில் ஆவியை விட்டு, அப்புறம் திறக்கவேண்டும். ஃபேன் பக்கம் கையை வைக்காதீர்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது சுற்றும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஆபத்து. திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் விரிசல் விடலாம்.

ஆறிய பிறகு, கூலன்ட் இல்லையென்றால் குடிதண்ணீர் ஊற்றிப் பட்டறை வரை போகலாம். ஹோஸ் அதன் நுனியில் கிழிந்திருந்தால் கிழிந்த பகுதியை வெட்டிவிட்டு மீண்டும் கிளிப் போடலாம். நடுவில் கிழிந்திருந்தால், தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் டேப் கொஞ்ச தூரம் தாங்கும். போகும் வழியில் அடிக்கடி நிறுத்தி மட்டத்தைப் பார்க்க வேண்டும். சரிசெய்து நிரப்பிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால் புது கூலன்ட் இருந்தும் சூடேறும்.

மஞ்சளும் மற்ற வைத்தியங்களும்

லாரி டிரைவர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போட்டு ஊசித் துளைகளை அடைப்பது நாடறிந்த கைவைத்தியம். நடுக்காட்டில் அது கைகொடுக்கலாம். ஆனால் துளையை அடைக்கும் தூள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கடைகளில் விற்கும் ரெடிமேட் அடைப்பான்களுக்கும் அதே குணம்தான். ஊர் வந்து சேர்ந்ததும் கழுவிச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

இன்னொரு வைத்தியம் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்பது அதற்கான நியாயம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் தன் சரியான சூட்டை எட்டத் தாமதமாகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சீக்கிரம் தேயும். மூன்றாவது, வருஷம் முழுக்கப் போர்வெல் தண்ணீரையே ஊற்றுவது. நாளடைவில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போன்ற உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும். கூலன்டோடு கலக்கவேண்டியது டிஸ்டில்டு வாட்டர். நிறத்தைப் பார்த்து எதையும் எதோடும் கலக்காதீர்கள். காரோடு வந்த கையேடு சொல்வதே சரியான வகை.

கீழே சிந்தியதை அப்படியே விட்டுவிட்டுப் போவதும் தவறு. எத்திலீன் கிளைக்கால் கடும் விஷம். அதன் இனிப்பு நாய்களையும் பூனைகளையும் இழுக்கும், குழந்தைகளையும் ஏமாற்றும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழக்கலாம், உயிரும் போகலாம். சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

யார் நிறுத்துவது?

இந்தியாவில் ஏராளமான கார்களை ஓட்டுவது அவற்றின் சொந்தக்காரர்கள் அல்ல, சம்பளத்துக்கு இருக்கும் டிரைவர்கள். முள் ஏறுவதை முதலில் பார்ப்பவரும் டிரைவர்தான். பின்சீட்டிலிருந்து "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே, ஓட்டுப்பா" என்ற குரல் வரும்போது நிறுத்தும் தைரியம் அவருக்கு எப்படி வரும்? இன்ஜின் பிடித்துக்கொண்ட பிறகு பழி விழுவதும் அவர்மேல்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் போனாலும் ஆறுதல் கிடைப்பது அரிது. வழக்கமான மோட்டார் பாலிசியில் இயந்திரக் கோளாறுக்கும் தேய்மானத்துக்கும் இடமில்லை.

இதற்குப் பரிகாரம் சிக்கனமானது. வாரம் ஒரு காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஒரு நிமிடம் பானெட்டைத் திறந்து மட்டத்தைப் பார்க்கும் வேலையை டிரைவருக்குக் கொடுங்கள். முள் ஏறினால் யாரையும் கேட்காமல் வண்டியை நிறுத்தும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அரை மணி நேரம் தாமதமாகப் போகும் மீட்டிங், வளைந்த ஹெட்டைவிட எப்போதும் மலிவு.