காவலாளின் வெறுங்கை

மழைக்காலத்தில் நம் குடியிருப்புகளில் குழந்தைகளுக்கு இரத்தபேதி காண்பது நேயர்கள் அறியாததன்று. சென்ற ஆண்டு எங்கள் அடுத்த வீட்டுக் குழந்தைக்கு முதலில் கொடுத்த மருந்து பலிக்கவில்லை. மருத்துவர் மருந்தை மாற்றிய பின்னரே அது தேறிற்று.

இந்நோயைத் தரும் கிருமிகளுள் முதன்மையானது ஷிகெல்லா. 1897இல் ஜப்பானியரான கியோஷி ஷிகா இதனைக் கண்டறிந்தார். பத்து முதல் நூறு கிருமிகள் வயிற்றுக்குள் சென்றாலே போதும், நோய் பற்றிவிடும்.

இத்துணைச் சிறு படை வெல்வது எங்ஙனம்? இதன் மேனியில் ஊசி போன்ற நுண்குழல்கள் உள்ளன. குடலின் உயிரணுவைத் தொட்டதும், அவற்றின் வழியே தீய புரதங்களைச் செலுத்துகிறது. இபா-பி, இபா-சி என்னும் இரண்டும் உயிரணுவின் சவ்வைத் துளைப்பவை. தொடும் நேரம் வரும்வரை இவை கிருமிக்குள்ளேயே காத்திருக்க வேண்டும். தனியே விட்டாலோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இபா-பி சிதைந்தும் போகும். ஆகவே ஐ.பி.ஜி.சி. என்னும் துணைப்புரதம் இரண்டையும் வெவ்வேறாகப் பற்றிக் காக்கிறது. மணமாகாத பெண்ணுடன் காவலாகச் செல்லும் மூத்த மாதை மேனாட்டார் ‘ஷாப்பரோன்’ என்பர். இவ்வகைப் புரதங்களுக்கு விஞ்ஞானிகள் அப்பெயரையே இட்டனர். நம் சங்கப் பாடல்களின் தோழி என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் காதலர் கூடுவதற்குத் துணை நிற்பவள்; இதுவோ கூடவிடாமல் தடுப்பது!

வியப்பு இனிமேல்தான். ஊசி வழியே சுமை வெளியேறியதும் துணைப்புரதம் கை ஒழிந்து நிற்கும். உடனே எம்.எக்ஸ்.ஐ.ஈ. என்னும் வேறொரு புரதத்துடன் சேர்ந்து, உறங்கிக்கிடந்த மரபணுக்களைத் தூண்டிவிடும். நம் உடலின் தற்காப்பை அடக்கும் அடுத்த வரிசை நச்சுப் புரதங்கள் அப்போதுதான் மிகுதியாக உற்பத்தியாகின்றன. கையில் சுமை இருக்கும்வரை இந்தச் சேர்க்கை நிகழாது. சரக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லத் தனியாக ஒரு தூதன் வேண்டியதில்லை. காவலாளின் வெறுங்கையே செய்தியாகிறது.

வழக்கமான மருந்துகள் கிருமியைக் கொல்ல முயல்பவை. தப்பிப் பிழைத்தவை பெருகுவதால், நாளடைவில் மருந்துக்கு அடங்காத ஷிகெல்லா பல நாடுகளில் பரவிவிட்டது. கிருமியைக் கொல்லாமல், ஊசியை மட்டும் அடைத்துவிடலாமா, துணைப்புரதத்தைச் சுமையினின்று பிரித்துவிடலாமா என்று ஆராய்ந்து வருகின்றனர். அவ்வகை மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வந்தபாடில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையைத் தேற்றிய அந்த இரண்டாவது மருந்து இன்னும் எத்தனை ஆண்டு பலிக்கும் என்று மருத்துவரைக் கேட்டேன். அவர் விடை கூறாமல் அடுத்த நோயாளியை அழைத்தார்.