நனைப்பது மழையா, வியர்வையா?

சில வருடங்களுக்கு முன்னர், ஒரு நவம்பர் மாதத்தில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் சகோதரியின் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் மருமகன் மலைச் சைக்கிளோட்டத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பியபோது அவரது உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மேலங்கியின் ஜிப்பைக் கீழே இழுப்பதற்குக்கூட விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அவரது தாயார்தான் அதைக் கழற்றிவிட்டார். அன்றைய தினம் அங்கே பெருமழை எதுவும் பெய்திருக்கவில்லை. இடையிடையே தூறல் மாத்திரமே. மேலங்கியின் வெளிப்புறத்தில் விழுந்த நீர் முத்து முத்தாக உருண்டு நின்றது. ஆனால், உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தபோது தோய்த்துப் பிழிந்த துணியைப் போன்று ஈரம். 300 பவுணுக்கும் கூடுதலான விலை கொடுத்து வாங்கிய, 'ஒரு துளி நீரும் உட்புகாது' என்ற உத்தரவாதத்துடன் விற்கப்பட்ட மேலங்கி அது. உத்தரவாதம் பொய்யென்று சொல்வதற்கில்லை. வெளியில் இருந்து ஒரு துளியும் உட்புகவில்லைத்தான். உள்ளே இருந்தது வெளியே போகவில்லை என்பதே பிரச்சினை.

நான் சைக்கிளில் மலை ஏறுபவன் அல்லன். பத்திரிகை அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்வந்த காலத்துடன் எனது ஓட்டம் முடிந்துவிட்டது. ஆனால், அன்று கண்ட காட்சி மனதை விட்டு அகலாததனால் இது குறித்துத் தேடி வாசிக்கவும், அந்த விளையாட்டில் நீண்ட அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டறியவும் தலைப்பட்டேன். குளிர் நாடுகளில் வாழும் எமது இளைஞர்களில் கணிசமானோர் இன்று இந்த விளையாட்டில் ஈடுபடுகிறார்கள். உஷ்ண பூமியில் இருந்து சென்ற பெற்றோருக்குக் குளிர் என்றாலே ஒரு பீதி இருக்கிறது. கடையில் இருப்பவற்றில் ஆகத் தடித்ததையும் ஆக இறுக்கமாக அடைத்ததையும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால்தான் அவர்களுக்கு மனம் ஆறும். குளிரில் சும்மா நிற்பவருக்கு அது பொருந்தும். மலையில் சைக்கிள் மிதிப்பவருக்கு அதுவே ஆபத்தாகிவிடக்கூடும் என்பதுதான் எனது கருத்து.

மனிதனின் தசைகள் செலவிடும் சக்தியில் சுமார் 20 தொடக்கம் 25 சதவீதம் மாத்திரமே இயக்கமாக மாறுகிறது. எஞ்சியது முழுவதும் வெப்பம். செங்குத்தான பாதையில் 200 வாட் வலுவுடன் மிதிப்பவரின் உடல் அதேவேளையில் 600 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பத்தை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. வீட்டு அறையொன்றைச் சூடாக்கும் சிறிய மின்கருவியுடன் இதை ஒப்பிடலாம். அந்த வெப்பத்தை அகற்றுவதற்கு உடலுக்குத் தெரிந்த பிரதான வழி வியர்ப்பது. கடுமையாக மிதிப்பவர் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரை வியர்வை சிந்துவது வழமை. ஏற்றத்தில் வேகம் மணிக்கு எட்டு, பத்து கிலோ மீற்றர்தான் என்பதால் வியர்வையை உலர்த்தக் காற்றும் கிடைப்பதில்லை.

பின்னர் உச்சியை அடைந்து இறங்கத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிறது. மிதிக்கத் தேவையில்லை; எனவே, வெப்பமும் உற்பத்தியாவதில்லை. வேகமோ மணிக்கு 30 கிலோ மீற்றர். பாகை பூச்சியம் செல்சியஸில் அந்த வேகத்தில் வீசும் காற்று, தோலுக்கு மறை 6 பாகை போன்று உணரப்படும். நீர் காற்றை விடவும் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள். ஏறும்போது உள்ளே தேங்கிய வியர்வை, இறங்கும்போது உடல் வெப்பத்தை உறிஞ்சி எடுக்கிறது. இறங்கும் வழியில் சில்லு ஒன்று காற்றுப்போய் அல்லது விழுந்து அடிபட்டு அரைமணி நேரம் ஒரே இடத்தில் நிற்க நேர்ந்தால் நிலைமை என்னவாகும்? உடலின் உள் வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது வைத்தியர்கள் அவசர நிலையாகக் கருதும் விடயம். அந்த நிலையில் முதலில் தடுமாறுவது விரல்களும் புத்தியும்தான். தனக்கு ஆபத்து என்பதைக்கூட அந்த மனிதர் உணராமல் போகக்கூடும்.

நவீன மேலங்கிகள் மழையைத் தடுத்துக்கொண்டே வியர்வையை வெளிவிடும் என்று கூறப்படுகின்றதே என வாசகர்கள் கேட்கலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்கரான பொப் கோர் 1969 ஆம் ஆண்டில் ஒருவகைப் பிளாஸ்ரிக்கை வெடுக்கென இழுத்து நீட்டி, நுண்துளைகள் நிறைந்த மென்சவ்வாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். கோர்-டெக்ஸ் துணி 1976 இல் சந்தைக்கு வந்தது. தற்செயலாக அதே 1976 இன் ஒக்டோபரில்தான் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், மலைச் சைக்கிளோட்டத்தின் தொடக்கமாகக் கருதப்படும் 'ரீபக்' பந்தயமும் முதன்முதலாக நடந்தது. பழைய பாரமான சைக்கிள்களில், நீலக் காற்சட்டையும் சாதாரண சேர்ட்டும் அணிந்து மலையில் இருந்து பாய்ந்து இறங்கிய அந்த இளைஞர்களுக்கு இந்த மென்சவ்வு பற்றிய கவலை இருந்திருக்காது.

மென்சவ்வின் துளைகள் நீர்த்துளியைத் தடுக்கும், நீராவியை விடும். ஆனால், ஆவி தானாக ஓடிவிடாது. உள்ளே இருக்கும் ஈரப்பதனுக்கும் வெளியே இருக்கும் ஈரப்பதனுக்கும் இடையிலான வேறுபாடே அதைத் தள்ளிச் செல்கிறது. வெளியில் மூடுபனியும் தூறலும் நிறைந்திருக்கும்போது அந்தத் தள்ளுகை பலவீனமடைகிறது. வெளித்துணி குளிர்ந்து போயிருந்தால் ஆவி வெளியேறு முன்னரே உட்புறத்தில் நீராக ஒடுங்கிவிடுகிறது. துணியின் மேற்பூச்சுத் தேய்ந்து மழைநீரை உறிஞ்சத் தொடங்கிவிட்டாலோ வழி முற்றாகவே அடைபட்ட மாதிரித்தான். போதாக்குறைக்கு முதுகுப்பை வேறு முதுகுப்புறம் முழுவதையும் மூடிவிடுகிறது.

விற்பனை அட்டைகளில் காணப்படும் இலக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சதுர மீற்றர் துணி 24 மணித்தியாலத்தில் 20,000 கிராம் ஆவியை வெளிவிடும் என்று அச்சிட்டிருப்பார்கள். வகுத்துப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 800 கிராமுக்கும் சற்றுக் கூடுதல். பார்வைக்குத் தாராளம். ஆனால், இந்த அளவீட்டுக்கு ஒன்றல்ல, பல பரிசோதனை முறைகள் இருக்கின்றன. ஒரே துணி ஒரு முறையில் அற்பமான இலக்கத்தையும் இன்னொன்றில் பிரமாண்டமான இலக்கத்தையும் காட்டும். எந்த முறை என்பதைக் கூறாமல் இலக்கத்தை மாத்திரம் அச்சிடும்போது நிறுவனம் எந்த முறையைத் தெரிவு செய்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. மூலம் குறிப்பிடாத புள்ளிவிபரத்துடன் செய்தி கொண்டுவரும் நிருபரை நாம் திருப்பி அனுப்புவதுண்டு. கடைக்காரரிடமும் அந்தக் கண்டிப்பு வேண்டும். 'ரெட்' எனப்படும் ஆவித்தடை அளவு தரப்பட்டிருந்தால் அது ஓரளவு நம்பகமானது. அதில் இலக்கம் குறையக் குறைய நல்லது; ஆறுக்குக் கீழே என்றால் சிறப்பு.

அப்படியானால் எதை வாங்குவது? நீர் முற்றாகப் புகாத மேலங்கியை அன்றாட உடுப்பாகக் கொள்ளாமல், நெருக்கமாக நெய்யப்பட்ட மெல்லிய நைலோன் காற்றுத்தடுப்பு மேலங்கியையே முதலில் வாங்க வேண்டும் என்பேன். மென்சவ்வு எதுவும் இல்லாதது. நிறை 100 கிராம் அளவில்தான்; மடித்தால் சேர்ட்டுப் பைக்குள் அடங்கும். ஏறும்போது கழற்றி வைத்துவிட்டு உச்சியில் அணிந்துகொள்ளலாம். தூறலைச் சிறிது நேரம் தாங்கும், நனைந்தாலும் உடல் சூட்டிலேயே விரைவில் காய்ந்துவிடும். கடையில் அதைச் சோதிப்பதற்கு இலக்கம் எதுவும் தேவையில்லை. துணியை வாயில் அழுத்திப் பிடித்து ஊதிப் பாருங்கள். சிரமப்பட்டு என்றாலும் சிறிதளவு காற்று மறுபுறம் போனால் அது ஏறுபவருக்கு உகந்த துணி. சற்றும் போகாவிட்டால் உள்ளே மென்சவ்வோ பூச்சோ இருக்கிறது.

சைக்கிளில் குனிந்து அமரும் பாங்கில் கைகளை முன்னே நீட்டிப் பார்க்கவும் வேண்டும். மணிக்கட்டும் இடுப்பும் வெளியே தெரிந்தால் அது நடப்பவருக்காகத் தைக்கப்பட்டது. கழுத்தில் இருந்து கீழ் வரை ஜிப் இருப்பது அவசியம். கையுறையுடன் இழுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மிக மெல்லிய துணி முட்செடியில் மாட்டிக் கிழியும் என்பது உண்மைதான். அந்தக் கிழிசலை ஓர் ஒட்டுத்துண்டால் சமாளிக்கலாம். உள்ளே அணிவது கம்பளியாகவோ பொலியெஸ்டராகவோ இருக்கட்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி உடலுடன் ஒட்டிக்கொண்டு இலகுவில் காயாது.

எமது மலையகத்துக்கு இந்தப் பாடம் புதியதல்ல. தேயிலை மலைகளில் கொழுந்து பறித்த தலைமுறையினர் மழைக்கும் குளிருக்கும் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வேலை செய்தார்கள். கம்பளி நனையும், பாரமாகும்; ஆனால், ஈரத்திலும் சூட்டைக் கைவிடாது. அதன் இடத்துக்குப் பின்னாளில் பொலித்தீன் வந்தது. மழை புகவில்லை. உள்ளே வியர்வையில் அவிந்தார்கள். அவர்களுக்குத் தெரிவு எதுவும் வழங்கப்படவில்லை என்பது வேறு விடயம்.

நாள் முழுவதும் அடைமழை பெய்யும் ஸ்கொட்லாந்திலோ வேல்ஸிலோ மெல்லிய காற்றுத்தடுப்புத் துணி போதாது என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அவர்களது வாதத்தை நான் நிராகரிக்கவில்லை. அத்தகைய நாட்களுக்கு நீர்புகா மேலங்கி முதுகுப்பையில் இருக்கவே வேண்டும், அதுவும் அக்குளில் திறக்கும் ஜிப்புடன். பையில் இருப்பதும் எந்நேரமும் அணிந்திருப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. நீரை உருட்டிவிடும் மேற்பூச்சுகளில் பல தசாப்தங்களாகப் பயன்படுத்தப்பட்டு வந்தவை 'பீஃபாஸ்' என்ற பொதுப்பெயர் கொண்ட புளோரின் இரசாயனங்கள். மண்ணிலும் நீரிலும் கலந்தால் அவை எளிதில் சிதைவடைவதில்லை. கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் அவை சேர்க்கப்பட்ட புதிய ஆடைகளின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. கடும் மழைக்கான உடுப்புகளுக்கு மாத்திரம் 2028 வரை அவகாசம். கோர்-டெக்ஸ் நிறுவனமும் 2022 இல் புளோரின் அற்ற புதிய மென்சவ்வை அறிமுகம் செய்தது. புதிய பூச்சுகள் அழுக்கையும் எண்ணெயையும் பழையவற்றைப் போன்று விலக்குவதில்லை. ஆகவே, சேற்றில் ஓடியவர்கள் மேலங்கியை அடிக்கடி கழுவி, அறிவுறுத்தலில் அனுமதி இருந்தால் மிதமான சூட்டில் உலர்த்தவும் வேண்டும். கழுவினால் பழுதாகிவிடும் என்று மாதக்கணக்கில் சேற்றுடன் தொங்கவிடுவதுதான் அதைப் பழுதாக்குகிறது.

மருமகன் இப்போதும் பீபிள்ஸ் நகருக்கு அருகேயுள்ள கிளென்ட்ரெஸ் காட்டுக்குப் போகிறார். 2023 ஆகஸ்டில் உலக சாம்பியன் போட்டிகள் நடைபெற்ற அதே காடு. புறப்படும்போது சிறிது நடுங்கிக்கொண்டேதான் புறப்படுகிறாராம். முதல் பத்து நிமிட ஏற்றத்தில் அது போய்விடுமாம். அந்த 300 பவுண் மேலங்கியை அவரது தந்தையார் பஸ் தரிப்பிடத்துக்குப் போகும்போது அணிகிறார். அங்கே அது பிரமாதமாக வேலை செய்கிறது.