புல் தின்னும் புலி

அஹிம்சை போதிக்கும் சிறுவர் புத்தகங்களில் புலிக்குப் பசி இல்லை; பையனுக்குக் கோபம் இல்லை. கோபமே இல்லாத இடத்தில் தணிய என்ன இருக்கிறது?

நான் இருப்பது திருத்தணியில். சூரனை வதைத்த முருகனின் சினம் தணிந்த ஸ்தலம். அதனால் கந்த சஷ்டியில் இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். சினம் வந்ததைப் புராணம் மறைக்கவில்லை. நம் சிறுவர் எழுத்தாளர்கள் மறைக்கிறார்கள்.

1947இல் சென்னையிலிருந்து தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா' வெளிவந்தன. 1960இல் இவ்வூர் சென்னை மாநிலத்தில் சேரும்வரை பெரியவர்கள் எல்லைக்காக மல்லுக்கு நின்றார்கள். இரண்டு மொழிப் பிள்ளைகளுக்கும் வாய்த்தது ஒரே வேதாளம், ஒரே பிணம், ஒரே வாள். தெலுங்குப் பையனும் என்னைப் போலவே பயந்தான் என்று அறிவதைவிடப் பெரிய சமாதான பாடம் எனக்குத் தெரியாது.

முதலில் புலிக்குப் பசியைத் திருப்பிக் கொடுங்கள்.