கல்லறைக்குப் பெயர் உண்டு, நெய்தவனுக்கு உண்டா?

ஓசூர், நாட்றாம்பாளையம் பக்கத்து மக்களுக்குக் கடல் தூரம். விடுமுறையில் சென்னைக்குப் போனால், மெரினாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இன்னும் சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே போனால் பழவேற்காடு இருக்கிறது. குழந்தைகளுக்கு அவசியம் காட்ட வேண்டிய ஊர் அது.

ஐரோப்பாவில் ஒல்லாந்து என்று ஒரு சிறு நாடு. அந்த நாட்டு வணிகர்களே டச்சுக்காரர்கள். அவர்கள் 1613-ல் பழவேற்காட்டில் 'கெல்டிரியா' என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அதுவே அவர்களுக்குத் தலைமை இடம்.

எதற்காக வந்தார்கள்? நம்முடைய துணிக்காக! இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால், நம் நெசவாளர் நெய்த துணியைக் கொடுக்க வேண்டியிருந்தது. பழவேற்காட்டின் செல்வம் தறியில் பிறந்த செல்வம்.

ஆனால் துணி மட்டுமா கப்பல் ஏறியது? மனிதர்களும் ஏறினார்கள். பஞ்ச காலத்தில் வயிற்றுக்கில்லாமல் விலைப்பட்ட ஏழைகள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் படேவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய படேவியா.

1824-ல் செய்த ஒப்பந்தப்படி பழவேற்காடு ஆங்கிலேயர் வசம் போயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே இறந்தவரின் பெயரைச் செதுக்கிய கற்கள்.

அந்தக் கற்களைக் காப்பது சரியே. சரித்திரத்தைப் பகைத்துப் பயனில்லை. ஆனால் அந்தத் துணியை நெய்தவன் பெயர் எங்கே? கப்பலில் ஏற்றப்பட்ட தாயின் பெயர் எங்கே? அவர்களுக்கு ஒரு கல் வேண்டாமா?

ஒல்லாந்தில் டென் ஹெல்டர் என்று ஒரு கடற்படை நகரம் உண்டு. அங்குள்ள அருங்காட்சியகத்தில் பழைய நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ளேயே சிறுவர்கள் இறங்கிப் பார்க்கலாம். தங்கள் கடல் கதையைத் தங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் கதையை நாம்தானே சொல்ல வேண்டும்?

கோட்டை இருந்த இடத்தைச் சீர்செய்ய வேண்டும். நெசவாளர் கதையையும் அடிமைகள் கதையையும் எளிய தமிழில் பெரிய எழுத்தில் அங்கே எழுதி வைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. மனம் இருந்தால் போதும்.

ஆண்டவர்களின் கல்லறையை மட்டும் பார்த்தால் பாதிச் சரித்திரம். உழைத்தவர்களையும் நினைத்தால்தான் அது முழுச் சரித்திரம்.